7 வருஷ டிரிப் காபி மெஷின்: தூக்கிப் போடுவதா, வைத்துக்கொள்வதா?

சொட்டுநீர் (சாண்ட்லர், அரிசோனா)
12 பிப்ரவரி 2023

2016இல் வாங்கிய மெஷின். 12 கப், 900 வாட், கண்ணாடி ஜக், அடியில் சூட்டுத் தட்டு. எந்தக் கடையிலும் கிடைக்கிற மலிவு ரகம். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது, கல்யாணம், குழந்தை, இரண்டு வீடு மாற்றம் எல்லாம் பார்த்துவிட்டது. தினமும் இரண்டு ஈடு ஓடும்.

முன்பெல்லாம் அரை ஜக் இறங்க ஐந்தாறு நிமிஷம். இப்போது கால் மணி நேரம் ஆகிறது. நடுநடுவே கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிக்கொள்கிறது, பிறகு தாத்தா குறட்டை மாதிரி ஒரு சத்தம், மூடி இடுக்கில் ஏகப்பட்ட ஆவி. இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் பிறகு கிடைக்கிற காபி வெதுவெதுப்பு. வாயில் வைத்தால் ஒரு புளிப்பு, பின்னாலேயே ஒரு கசப்பு. மனைவி இரண்டு வாரமாக மைக்ரோவேவில் சுடவைத்துக் குடிக்கிறாள். அதைப் பார்க்கும்போதுதான் மனசு கேட்கவில்லை.

புதுசு வாங்க முப்பது நாற்பது டாலர் போதும். ஆனால் ஓடுகிற ஒன்றைத் தூக்கிப் போட கை வரவில்லை. இதற்கு வைத்தியம் இருக்கிறதா, இல்லை ஆயுசு இவ்வளவுதானா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. "12 கப்" என்று போட்டிருக்கிறானே, அது எந்த ஊர் கப்? என் மக்கில் ஊற்றினால் ஐந்துதான் வருகிறது.

---

பித்தளை ஃபில்டர் (மேற்கு மாம்பலம்)
12 பிப்ரவரி 2023

கப் கணக்கு நான் சொல்றேன். என் பிள்ளை வீட்டுக்குப் போனப்போ அளந்தே பார்த்துட்டேன். அவா கப்புங்கறது 5 அவுன்ஸ், 150 மில்லி. நம்மாத்து டம்ளர் அளவுதான். நீங்கதான் சொம்பு சைஸ் மக் வெச்சிண்டு மெஷினைக் குத்தம் சொல்றேள்.

மத்தபடி என் அபிப்பிராயம் எல்லாருக்கும் தெரியும். எங்கிட்ட இருக்கற ஃபில்டர் என் மாமியார் காலத்தது. கரண்ட் வேண்டாம், தொட்டி வேண்டாம், குறட்டை விடாது. ஓட்டை அடைச்சுண்டா அடுப்புத் தணல்ல ஒரு நிமிஷம் காட்டித் தட்டினா சரியாப் போயிடும்.

---

சால்டரிங் (சென்னை)
13 பிப்ரவரி 2023

மாமி சொல்றது ஃபில்டருக்குச் சரி, மெஷினைத் தணல்ல காட்டிடாதீங்க சார் 🙂

உங்க மெஷினுக்கு ஒண்ணும் ஆகலை. தண்ணியில இருக்கற சுண்ணாம்பு உப்பு அடைச்சிருக்கு. அடித்தட்டைத் திறந்து பார்த்தா உள்ளே இருக்கறது ரொம்ப எளிமையான சமாச்சாரம். குதிரை லாடம் மாதிரி வளைஞ்ச ஒரு அலுமினியக் குழாய், அதோட ஒட்டினாப்பல ஹீட்டர் காயில். அந்த ஒரே காயில்தான் தண்ணியையும் காய்ச்சுது, மேலே ஜக் வைக்கற தட்டையும் சூடாக்குது. மோட்டார், பம்ப் எதுவும் கிடையாது. தொட்டித் தண்ணி சும்மா சரிஞ்சு குழாய்க்கு வரும், அங்கே கொதிச்சு ஆவிக் குமிழி உண்டாகும், அந்தக் குமிழி தண்ணியைத் தள்ளிக்கிட்டே மேலே ஏறும். தொட்டிப் பக்கமே திரும்பிப் போயிடாம இருக்க நடுவுல சின்னதா ஒரு வால்வு. அவ்வளவுதான் மொத்த மெஷினும்.

குழாய் உள்சுவர்ல சுண்ணாம்பு படிஞ்சா என்ன ஆகும்? காயில் சூடு தண்ணிக்குப் போய்ச் சேராது. காயில் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகும், தெர்மோஸ்டாட் "போதும்"னு கட் பண்ணும், ஆறினதும் திரும்பப் போடும். நீங்க மூச்சை அடக்கிக்குதுன்னு சொன்னீங்களே, அது இதுதான். வழியும் குறுகிப் போச்சு, அதனால தண்ணியைவிட ஆவி அதிகம்.

வால்வு சிக்கியிருந்தா வேற மாதிரி தெரியும்: தொட்டிக்குள்ளேயே கொப்புளம் விடும், மேலே ஒரு சொட்டும் ஏறாது. உங்களுக்கு அது இல்லை. கடைசியா எப்போ உப்பு எடுத்தீங்க?

---

சொட்டுநீர்
13 பிப்ரவரி 2023

எடுக்கணுமா?

---

ஐசார் கரை (மியூனிக்)
13 பிப்ரவரி 2023

ஏழு வருஷம்! அதுவும் அரிசோனா தண்ணீரில்! உங்கள் ஊருக்குக் கொலராடோ ஆற்றுத் தண்ணீரும் சால்ட் ஆற்றுத் தண்ணீரும் வருகின்றன. ஆற்றின் பெயரிலேயே உப்பு இருக்கிறதே ஐயா. எங்கள் ஊர்த் தண்ணீரும் சுண்ணாம்புதான். இங்கே கெட்டிலுக்கும் காபி மெஷினுக்கும் சுண்ணாம்பு எடுப்பது, வீடு பெருக்குவது போல ஒரு வழக்கமான வேலை.

எல்லோரும் உடனே சிட்ரிக் ஆசிட் என்பார்கள். நானும் அதையே சொல்வேன், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. சுண்ணாம்பும் சிட்ரிக் ஆசிட்டும் சேர்ந்தால் கால்சியம் சிட்ரேட் உண்டாகும். குளிர்ந்த தண்ணீரில் ஓரளவு கரையும், சூடாக ஆகக் கரைவது குறையும். பெரும்பாலான உப்புகளுக்கு நேர்மாறு. அதனால் கெட்டியாகக் கரைத்துக் கொதிக்க விட்டால், ஒரு படிவை எடுக்கப் போய் இன்னொரு படிவை உட்காரவைத்த கதையாகும். அது பழையதைவிடப் பிடிவாதம்.

செய்ய வேண்டியது: ஒரு லிட்டர் சாதாத் தண்ணீரில் 20 கிராம் சிட்ரிக் ஆசிட். தொட்டியில் ஊற்றி சுவிட்சைப் போடுங்கள். மேலே முதல் சொட்டு விழுந்ததும் அணைத்துவிடுங்கள். குழாய் நிறைய ஆசிட் நிற்கும். இருபது நிமிஷம் ஊறட்டும். மறுபடி கொஞ்சம் ஓட்டி, மறுபடி அணை. நான்கைந்து முறை இப்படி. அப்புறம் வெறும் தண்ணீர் மூன்று தொட்டி. பழைய படிவு அதிகம் இருந்தால் கடையில் லாக்டிக் அமிலம் கலந்த திரவம் கிடைக்கும், அதில் இந்தச் சிக்கல் இல்லை. எதுவானாலும் ராத்திரி முழுக்க ஊற விடாதீர்கள், உள்ளே அலுமினியம்.

---

தேத்தண்ணி (ஸ்காபரோ)
14 பிப்ரவரி 2023

வினாகிரி விடச் சொல்லி ஆரும் சொன்னா கேக்காதேங்கோ. நான் விட்டுப் பாத்தனான். சுண்ணாம்பு போனது உண்மை. ஆனா மணம் ஒரு கிழமையா போகேல்ல. கோப்பி குடிச்சாலும் ஊறுகாய் குடிச்ச மாதிரி. மனிசி பேசின பேச்சு வேற.

எனக்கு இந்த வெள்ளைப் படிவு புதுசில்லை. யாழ்ப்பாணத்தில எங்கட கிணத்துத் தண்ணி முழுக்கச் சுண்ணக்கல்லுக்குள்ளால வாறது. அம்மா கேத்தலைக் கவிட்டுத் தட்டினா ஓடு ஓடா விழும். இஞ்ச ஒன்ராறியோ ஏரித் தண்ணி அவ்வளவு மோசமில்லை, ரெண்டு மாதத்துக்கு ஒருக்காச் செய்தாக் காணும். உங்கட இடத்துக்கு மாதம் ஒருக்காச் செய்ய வேணும் எண்டு நினைக்கிறன்.

---

சொட்டுநீர்
19 பிப்ரவரி 2023

செய்துவிட்டேன். சனிக்கிழமை காலை முழுக்க அதற்கே போனது.

முதல் ஊறலில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் தொட்டிக்குள் சோடா மாதிரி நுரைத்தது. மூன்றாவதில் ஜக்கில் விழுந்ததைப் பார்த்தால், மோர் விட்ட தண்ணீர் போல இருந்தது, அடியில் முட்டையோடு நொறுக்கியது போலத் துண்டுகள். என் குழந்தை ஒன்றை எடுத்து "கல்" என்றான். ஏழு வருஷமாக அந்தக் கல்லின் வழியாகத்தான் நாங்கள் காபி குடித்திருக்கிறோம்.

இன்று காலை அரை ஜக், கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: ஆறரை நிமிஷம். மனைவி மைக்ரோவேவ் பக்கம் போகவில்லை. நன்றி.

ஆனால் புளிப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கசப்பும், குறிப்பாக இரண்டாவது கப்பில்.

---

ஐசார் கரை
19 பிப்ரவரி 2023

இரண்டும் வெவ்வேறு நோய்.

புளிப்பு என்றால் தூளிலிருந்து சத்து முழுக்க இறங்கவில்லை. தண்ணீர் 90 டிகிரிக்கு மேல், 96க்குள் இருக்க வேண்டும். மலிவு மெஷின்களில் முதலில் விழும் தண்ணீருக்கு அந்தச் சூடு இருக்காது, போகப்போகத்தான் ஏறும். அதற்கு ஒரு தந்திரம்: தூள் நனைந்ததும் அரை நிமிஷம் அணைத்து, பிறகு போடுங்கள். தூள் பொங்கி ஊறிவிடும். அப்புறம் எல்லாம் ஒரே சீராக இறங்கும். தூள் அளவையும் கவனியுங்கள், லிட்டருக்கு 55 முதல் 60 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், சின்னத் தராசு வாங்குங்கள்.

கசப்புக்குக் காரணம் சூட்டுத் தட்டு. இறங்கிய காபியை அதன் மேல் வைத்திருந்தால் அரை மணியில் கெட்டுவிடும். காபியில் இருக்கிற குளோரோஜெனிக் அமிலம் உடைந்து குயினிக் அமிலமாகும், நாக்கைப் பிடிக்கும் கசப்பு அதுதான். இறங்கியவுடன் ஃபிளாஸ்கில் ஊற்றி, சுவிட்சை அணையுங்கள். ஐரோப்பாவில் இதற்குச் சட்டமே உண்டு. 2015 முதல் விற்கும் மெஷின்களில் கண்ணாடி ஜக்குக்கு 40 நிமிஷத்தில் தட்டு தானாக அணைய வேண்டும். மின்சாரம் மிச்சம் பிடிக்கப் போட்ட சட்டம். காபியையும் காப்பாற்றியது.

---

பித்தளை ஃபில்டர்
20 பிப்ரவரி 2023

சுட வெச்ச காபி ஆகாதுன்னு சொல்ல இத்தனை அமிலத்தோட பேர் வேணுமா?

---

ஐசார் கரை
20 பிப்ரவரி 2023

மாமி, ஒன்று சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். காகித ஃபில்டரைக் கண்டுபிடித்தது டிரெஸ்டன் நகரத்தில் ஒரு குடும்பத் தலைவி, மெலிட்டா பென்ட்ஸ், 1908இல். பித்தளைப் பாத்திரத்தில் ஆணியால் ஓட்டை போட்டு, பிள்ளையின் நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து உள்ளே வைத்தார். அதற்குப் பிறகு 1954இல்தான் இங்கே விகோமாட் என்று மின்சார டிரிப் மெஷின் வந்தது. இந்த மெஷினின் பாட்டியும் பித்தளைதான்.

---

பித்தளை ஃபில்டர்
20 பிப்ரவரி 2023

அப்படிச் சொல்லுங்கோ.

---

சிறுவாணிக்காரன் (கோவை)
3 மார்ச் 2023

ஏனுங்க, நானும் ஒரு மெஷின் வச்சிருந்தனுங்க. எங்க தண்ணிக்கு உப்புப் பிரச்சினையே இல்லீங்க, நாலு வருசத்துக்கும் குழாய் பளபளன்னு இருந்துச்சு. ஆனாலும் மெஷின் போயிருச்சு. என்னோட புத்திசாலித்தனத்தால.

கடையில அரைச்சு வாங்கற 80-20 தூளுங்க (காப்பி 80, சிக்கரி 20), நைஸா இருக்கும். காகிதத்துல போட்டா சிக்கரி ஊறி அடைச்சுக்கிட்டுத் தண்ணி இறங்காது, கூடை ரொம்பி வழிஞ்சு மேடையெல்லாம் தூள். சரின்னு கம்பி வலை ஃபில்டர் போட்டேன். இறங்குச்சு, ஆனா டிகாக்‌ஷன் தண்ணியா இருக்கு, பால் ஊத்துனா நெறமே மாறலீங்க. அப்பத்தான் ஒரு யோசனை வந்துச்சு. எறங்குன டிகாக்‌ஷனையே திருப்பித் தொட்டியில ஊத்தி, புதுத் தூள் போட்டு ஓட்டுனா ரெட்டைக் கெட்டியா வருமில்லைங்க?

வந்துச்சுங்க. ஒரு நா நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் வெறும் தண்ணி ஓட்டுனாலும் பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை. காப்பியில எண்ணெய் இருக்குதுன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். குழாய்க்குள்ள கருகிப் புடிச்சுக்கிச்சு. பத்துத் தொட்டி தண்ணி ஓட்டியும் போகலீங்க. தொட்டியில தண்ணியத் தவிர எதையும் ஊத்தாதீங்க, அம்புட்டுத்தான்.

---

சொட்டுநீர்
3 மார்ச் 2023

உண்மையைச் சொன்னால் இதே யோசனை எனக்கும் வந்திருக்கிறது. மெஷினில் நம் ஊர் டிகாக்‌ஷன் வரவே வராதா?

---

பித்தளை ஃபில்டர்
4 மார்ச் 2023

வரும். நான் பிள்ளை ஆத்துல நாலு மாசம் அதுலதானே பண்ணினேன்? ஃபில்டரை எடுத்துண்டு போக மறந்துட்டேன், என்ன பண்றது.

தூள் வாங்கறப்பவே கடைக்காரர்கிட்ட "கொஞ்சம் கரகரப்பா அரையுங்கோ"ன்னு சொல்லிடணும். பாதி பீபெர்ரி கொட்டை, பாதி பிளாண்டேஷன் ஏ கொட்டை. சிக்கரி நூத்துக்கு 15க்கு மேல வேண்டாம், காகிதம் தாங்காது. 60 கிராம் தூளுக்குத் தொட்டியில 350 மில்லிதான் தண்ணி. தூளே மூணுல ஒரு பங்கைக் குடிச்சுடும், 200 சொச்சம்தான் இறங்கும், நாலு டம்ளருக்கு வரும். நடுவுல ரெண்டு தடவை அணைச்சு அணைச்சுப் போடணும், இல்லேன்னா தண்ணி தூள்ல நிக்காம ஓடிடும். பசும்பாலை நன்னாக் காய்ச்சிக்கோங்கோ, டிகாக்‌ஷனைக் காய்ச்சாதேங்கோ.

என் ஃபில்டர் டிகாக்‌ஷன் மாதிரி இருக்குமான்னு கேட்டா, இருக்காது. காகிதம் எண்ணெயைப் பிடிச்சுண்டுடும், அந்த வழவழப்பு வராது. ஆனா குடிக்கலாம்.

---

தேத்தண்ணி
4 மார்ச் 2023

காகிதம் எண்ணெயைப் பிடிக்கிறது நல்லதுக்கும்தான் மாமி. கோப்பி எண்ணெயில இருக்கிற கஃபெஸ்டோல் எண்ட சாமான் கொலஸ்ட்ரோலைக் கூட்டும். என்ர டொக்டர் கோப்பியை விடச் சொல்லேல்ல, காகிதத்தில வடிச்சுக் குடி எண்டுதான் சொன்னவர்.

---

சொட்டுநீர்
22 செப்டம்பர் 2023

ஏழு மாசம் கழித்து மறுபடி வருகிறேன். மாதம் ஒருமுறை சிட்ரிக் ஆசிட் தவறாமல் போகிறது. ஆனால் நேற்று மெஷின் செத்துவிட்டது. சுவிட்ச் போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது, சூடு துளியும் இல்லை. அதற்கு முந்தின நாள் தூக்கக் கலக்கத்தில், தொட்டியில் தண்ணீர் ஊற்றாமலே போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். அதுவாக இருக்குமோ?

---

நடுராத்திரி
22 செப்டம்பர் 2023

தெர்மல் ஃபியூஸ் (சூடு மீறினா கரண்டைக் கட் பண்றது) போயிருக்கும் ப்ரோ. திறந்து அந்த ரெண்டு வயரையும் நேரா முறுக்கி விட்ருங்க. நான் ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன்.

---

சால்டரிங்
22 செப்டம்பர் 2023

தயவுசெஞ்சு மேலே சொன்னதைச் செய்யாதீங்க. தம்பி, நீங்களும் இன்னிக்கே அதைக் கழட்டுங்க.

தெர்மோஸ்டாட் தினமும் கட் பண்ணிச் சேர்த்துக்கிட்டே இருக்கற சாமான். என்னிக்காவது ஒருநாள் அது ஒட்டிக்கிட்டுக் கட் பண்ணாம நின்னுடும். அன்னிக்கு மெஷினுக்கும் தீக்கும் நடுவுல இருக்கறது அந்த ஒரு ஃபியூஸ்தான். சுத்தி இருக்கறது முழுக்கப் பிளாஸ்டிக். டைமர் வெச்ச மெஷினா இருந்தா, வீட்ல எல்லாரும் தூங்கறப்போ வேற ஓடும்.

சொட்டுநீர் சார், தண்ணி இல்லாமப் போட்டதுல ஃபியூஸ் தன் வேலையைச் செஞ்சிருக்கு. பிளக்கைப் பிடுங்கிட்டு, ஆறினப்புறம் அடித்தட்டைக் கழட்டுங்க. ஸ்க்ரூவில் ஒண்ணு ரெண்டு நம்ம ஸ்க்ரூ டிரைவருக்கு மசியாது, முட்டை வடிவமோ மூணு கீத்தோ இருக்கும், அதுக்குன்னு பிட் விக்குது. காயில் மேல வெள்ளை உறைக்குள்ள, பென்சில் முனை சைஸுக்கு ஒண்ணோ ரெண்டோ இருக்கும். மல்டிமீட்டர்ல வெச்சுப் பாருங்க, பீப் வரலைன்னா அதுதான். உடம்புலயே டிகிரியும் ஆம்பியரும் அச்சிட்டிருக்கும். அதே டிகிரி, அதே ஆம்பியர்தான் போடணும்.

கடைசியா ஒண்ணு, என் பேரே சால்டரிங், ஆனாலும் சொல்றேன்: இதைச் சால்டர் பண்ணாதீங்க. அந்தச் சூட்டுலயே புது ஃபியூஸ் போயிடும். நான் முதல் தடவை ரிச்சி ஸ்ட்ரீட்ல மூணு வாங்கிட்டு வந்து மூணையும் அப்படித்தான் கொன்னேன். கிரிம்ப் ஸ்லீவ்னு சின்ன உலோகக் குழாய் இருக்கு, அதுக்குள்ள வயரை விட்டுக் குறடால அழுத்தி விடுங்க.

---

சொட்டுநீர்
30 செப்டம்பர் 2023

ஃபியூஸ் ஐந்து கொண்ட பாக்கெட் ஆறு டாலர். பிட் செட் பன்னிரண்டு டாலர். கிரிம்ப் குறடு இருபது. புது மெஷினே வாங்கியிருக்கலாம் என்று மனைவி கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒரு பதிலும் சொல்லவில்லை. மெஷின் ஓடுகிறது.

உள்ளே திறந்தபோது பார்த்தேன்: தட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு காய்ந்த கரப்பான் பூச்சி. இதை வீட்டில் சொல்லவில்லை, இங்கே மட்டும்.

---

தேத்தண்ணி
30 செப்டம்பர் 2023

தொட்டி மூடியை இரவில திறந்து விடுங்கோ, உள்ளுக்குப் பூஞ்சணம் பிடிக்காது எண்டு எழுத வந்தனான். கரப்பான் கதையைக் கேட்டாப் பிறகு திறந்து விடுறதோ மூடி வைக்கிறதோ எண்டு எனக்கே தெரியேல்ல.

---

சொட்டுநீர்
11 மே 2024

அம்மா வந்து இரண்டு மாதம் ஆகிறது. வந்த முதல் நாள் மெஷினைப் பார்த்து "இது என்னடா, ஆஸ்பத்திரி சாமான் மாதிரி" என்றாள். பெட்டியிலிருந்து எவர்சில்வர் ஃபில்டரை எடுத்து அதன் பக்கத்திலேயே வைத்தாள். ஒரு வாரம் இரண்டும் போட்டிக்கு ஓடின.

இப்போது நிலைமை: மாம்பலம் மாமியின் 60க்கு 350 கணக்கை அம்மா 65க்கு 350 ஆக்கிவிட்டாள். ராத்திரியே தூள் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடியைத் துணியால் மூடி (நான் ஏன் என்று கேட்கவில்லை) வைத்துவிடுகிறாள். காலை ஐந்தேகாலுக்கு சுவிட்ச். சூட்டுத் தட்டில் டிகாக்‌ஷனை வைப்பதில்லை. அந்தத் தட்டு அவளுக்கு வெண்ணெய் உருக்க. ஃபில்டர் சாயங்காலத்துக்கு.

அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது இதே போல ஒன்று வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்கிறாள். கடைக்கு எப்போது போகலாம் என்று தினமும் கேள்வி.

---

பித்தளை ஃபில்டர்
11 மே 2024

அங்கேர்ந்து தூக்கிண்டு வர விடாதேங்கோ! அது 120 வோல்ட். என் பிள்ளை ஆசையா ஒண்ணு கொண்டு வந்தான், நான் அடாப்டர்னு நெனைச்சு வெறும் பின் மாத்தற கட்டையைப் போட்டு 230ல சொருகினேன். டப்புன்னு ஒரு சத்தம், ஆத்துல ஃபேனெல்லாம் நின்னுடுத்து.

---

சால்டரிங்
11 மே 2024

வோல்டேஜ் ஏறக்குறைய ரெண்டு மடங்குன்னா வாட் நாலு மடங்கு கிட்டப் போகும். 900 வாட் மெஷின் 3,300 வாட் இழுக்கப் பார்க்கும். அதுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினா, மெஷினைவிட விலையும் அதிகம், கனமும் அதிகம். அம்மாவை ஊருக்கு வந்து வாங்கிக்கச் சொல்லுங்க. இங்கேயே 230ல டிரிப் மெஷின் விக்கறான்.

---

சொட்டுநீர்
12 மே 2024

சொன்னேன். "சரி, அப்போ காகிதமாவது வாங்கிக் குடு" என்று நூறு எண்ணிக்கைப் பாக்கெட் நான்கு பெட்டியில் வைத்துவிட்டாள். கூடை வடிவக் காகிதம். சென்னையில் கிடைக்கிற மெஷின்களுக்குக் கூடைதானா, கூம்பா? யாராவது கடையில் பார்த்துச் சொன்னால், பெட்டியைப் பூட்டுவதற்குள் மாற்றிவிடலாம்.

---

பித்தளை ஃபில்டர்
12 மே 2024

நாளைக்கு பாண்டி பஜார் பக்கம் போறேன். பார்த்துண்டு வந்து சொல்றேன்.